அணையில் எத்தனை அடி? சரி, கடைக்கு எத்தனை லிட்டர்?

ஆண்டிபட்டியில் எந்த டீக்கடையில வேணா கேட்டுப் பாருங்க. வைகை 71 அடியில் இன்னைக்கு எத்தனை அடி, பெரியாறு 142-ல் எத்தனை அடின்னு டக்குனு பதில் வரும். "உங்க கடைக்கு மாசம் எத்தனை லிட்டர் தண்ணி ஆகுதுண்ணே?" என்று கேட்டால் யோசிப்பார். கரண்ட் பில்லில் யூனிட் யூனிட்டா பார்க்கிற கடைக்காரர்கள், தண்ணிக்குக் கொடுக்கிற காசைச் சரிபார்ப்பதில்லை. அதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியது இன்ஜினியரிங் படிக்கிற நாமதான் என்பது என் கருத்து.

தமிழ்நாட்டுப் பேரூராட்சிகளில் பெரும்பாலும் மீட்டர் கிடையாது, ஒரே கட்டணம்தான். அந்தத் தண்ணி பத்தாத ஹோட்டல்கள் லாரித் தண்ணி வாங்கும். அங்கே லாரிதான் மீட்டர். ஒரு டேங்க் உள்ளே 4 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் உயரம்னு வச்சுக்குவோம். மூணையும் பெருக்கினா 12,000 லிட்டர். ஆனா டேங்க் பெட்டி மாதிரி இருக்காது, நீள்வட்டமா இருக்கும். அதனால 0.785-ஆல் பெருக்கணும். வருவது 9,420 லிட்டர்தான். ஒரு லோடுக்கு 2,580 லிட்டர் வித்தியாசம்! இதைக் கண்டுபிடிக்க ஒரு டேப் போதும்.

சென்னை, கோவை மாதிரி ஊர்களில் மீட்டர் வந்தாச்சு. நாளைக்கு இங்கேயும் வரலாம். மீட்டர் இருந்தாலே பில் சரியா இருக்கும்னு அர்த்தமில்லை.

முதலில் ரீடிங். கறுப்பு எண்கள் கிலோலிட்டர், அதாவது 1,000 லிட்டர். சிவப்பு எண்கள் அதுக்குக் கீழே. ஒரு சிவப்பு எண்ணையும் சேர்த்து எழுதிட்டா, 45 கிலோலிட்டர் 456 ஆகிடும். கடை பூட்டியிருந்தால் சராசரி போட்டு பில் வரும். அடுத்த ரீடிங்கில் அது கழிந்ததான்னு பாருங்க. வீட்டு இணைப்பு, வணிக இணைப்பு மாறியிருக்கான்னும் பாருங்க.

அடுத்தது மீட்டர். முறை வச்சுத் தண்ணி விடும் ஊரில் குழாய்க்குள்ள காத்து நிக்கும். தண்ணி வரும்போது அந்தக் காத்துதான் முதல்ல வெளியேறும். சக்கரம் வச்ச மீட்டருக்குக் காத்தும் தண்ணியும் ஒண்ணுதான், சுத்திடும். குழாயில் 'உஸ்'னு சத்தம் மட்டும் வரும்போது மீட்டரைப் பாருங்க, புரியும். அப்புறம் 200 லிட்டர் டிரம்மை நிரப்பி மீட்டரோட ஒப்பிடுங்க. ஐ.எஸ். 779 தரப்படி, புது மீட்டரில் வழக்கமான ஓட்டத்துக்கு 2 சதவீதம்தான் பிழை இருக்கலாம். அதாவது 196-லிருந்து 204-க்குள் காட்டணும். 220 காட்டினால் சோதனை கேட்டு மனு கொடுக்கலாம்.

ஒண்ணு நேர்மையா சொல்லணும். தேய்ஞ்ச பழைய மீட்டர் பெரும்பாலும் குறைச்சுத்தான் காட்டும். அதையும் சொல்லத்தான் வேணும். நமக்குச் சாதகமான தப்பை மட்டும் மறைச்சா, அது சரிபார்ப்பு இல்லை.

ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் லேபில் வென்ச்சுரி மீட்டருக்கு ரெக்கார்டு எழுதி மார்க் வாங்கியாச்சு. அடுத்த மினி புராஜெக்டை பஸ் ஸ்டாண்டு பக்கம் பத்து கடைகளில் செய்யலாமே! தேதி, ரீடிங், பில் தொகைன்னு மூணே கட்டம் போட்ட ஒரு நோட்டு, மாசம் ஒரு மீட்டர் போட்டோ. செலவு இருபது ரூபாய்கூட ஆகாது.