யானோமாமியர் அணிநலம்

ஒரு மக்களை 'ஆடையற்றவர்' என்று கூறிவிடுதல் எளிது. அவர்கள் எவற்றை அணிந்திருக்கின்றனர் என்று நின்று நோக்குவது அரிது. தென் அமெரிக்காவில், பிரேசில், வெனிசுலா ஆகிய இரு நாடுகளின் எல்லையில் பரந்து கிடக்கும் அமேசான் பெருங்காட்டில் யானோமாமி மக்கள் வாழ்கின்றனர். அவர்களைக் கண்டு எழுதிய அயலார் பலர் அந்த எளிய சொல்லையே கையாண்டனர். அச்சொல் பொருந்தாதது என்பதே என் கருத்து.

அக்காடு வெப்பமும் ஈரமும் மிக்கது. நனைந்த துணி அங்கே எளிதில் உலராது. உடலோடு ஒட்டிக் கிடந்து தோல்நோய்க்கு இடந்தரும். ஆதலின் அம்மக்களின் மரபுவழி உடை மிகச் சிறியது. தம் தோட்டத்தில் விளைந்த பருத்தியை நூற்று, ஆடவர் இடையிற் கயிறு கட்டினர். பெண்டிர் நூற்குஞ்சம் தொங்கும் சிற்றாடை அணிந்தனர். 'இவ்வளவுதானா?' என நாம் வினவலாம். ஆனால், முறையாகக் கட்டிய அவ்விடைக்கயிறு பிறர் காண அவிழுமாயின் அவ்வாடவன் நாணித் தலைகுனிவான். ஆடையின்மை என்பது யாது என்பதை அவர்களும் அறிவர். அதற்கு அவர்கள் வகுத்த எல்லை வேறு, நாம் வகுத்த எல்லை வேறு. நாணம் உள்ள இடத்தில் உடையும் உண்டு அன்றோ?

உடையிற் சுருங்கியோர் அணியில் விரிந்தனர். பெண்டிர் கீழுதட்டிலும் வாயின் இரு கோடியிலும் மூக்கின் நடுத்தண்டிலும் துளையிட்டு, வழவழப்பான மெல்லிய குச்சிகளைச் செருகிக்கொள்வர். காதுத் துளையில் மலரும் நறுமண இலையும் விளங்கும். மூக்கையும் காதையும் குத்திக்கொள்ளும் வழக்கம் உலகிற் பல நாடுகளில் உண்டு. இதனை விந்தை என்று நகைப்போர் முதலில் தம் வீட்டுப் பெண்டிரை ஒருமுறை நோக்குதல் நன்று.

அவர்தம் அணிகளுள் தலையாயது வண்ணம். அன்னாட்டோ என வணிகர் வழங்கும் செடியின் விதையிலிருந்து செந்நிறம் எடுப்பர். வெண்ணெய்க்கும் பாலாடைக்கட்டிக்கும் நிறமூட்ட இன்று உலகெங்கும் பயன்படுவதும் அவ்விதையே. அச்செந்நிறத்தால் முகத்திலும் மார்பிலும் கோடும் வளைவும் புள்ளியும் தீட்டுவர். கருநிறத்திற்குப் பொருள் வேறு. போருக்குச் செல்வோர் உடலிற் கரி பூசுவர். உறவினரை இழந்த பெண்டிரின் கன்னங்களிற் கண்ணீரோடு கலந்த கருமை நெடுநாள் படிந்திருக்கும். அதனைக் காண்போர் அவளது துயரைக் கேட்டறிய வேண்டுவதில்லை. அவ்வண்ணத்தைப் படிக்கத் தெரியாத அயலார், எழுத்தறியாதவர் ஏட்டைப் பார்ப்பதுபோல் அதனைப் பார்த்துச் சென்றனர்.

'ரெயாகு' என்பது இறந்தோர் பொருட்டு நிகழும் பெருவிருந்து. அயலூரிலிருந்து வரும் விருந்தினர் நேரே ஊருள் புகார். அருகில் தங்கி, ஓடையில் நீராடி, ஒருவர்க்கொருவர் வண்ணம் பூசிவிடுவர். ஆடவர் தலையில் பறவையின் வெண்டூவியை ஒட்டிக்கொள்வர். மேற்கைப் பட்டையில் பெருங்கிளியின் நீண்ட வாலிறகைச் செருகுவர். அதன் பின்னரே வட்டமாக அமைந்த பொதுமனையின் நடுமுற்றத்துள் ஆடிக்கொண்டு நுழைவர். விருந்தளிப்போரை மதிக்கும் முறை அது. இதனை உடையின்மை என்பது எங்ஙனம் பொருந்தும்?

இனி, அம்மக்கள் என்றும் பழங்கோலத்திலேயே நிற்றல் வேண்டும் என்று விரும்புவோரும் உளர். அதுவும் எனக்கு உடன்பாடன்று. இன்று யானோமாமியர் பலர் சட்டையும் காற்சட்டையும் அணிகின்றனர். அவர்தம் தலைவராகிய டாவி கோபனாவா, இளமையில் வெள்ளையரைப்போல் ஆக விரும்பி அவர்தம் உடையை நாடியதை, 2010-இல் பிரெஞ்சு மொழியில் வெளிவந்த 'வீழும் வானம்' என்னும் நூலில் தாமே உரைத்துள்ளார். இன்று அவர் உலக மன்றங்களுக்குச் சட்டை அணிந்தும் செல்கிறார். இறகு சூடியும் செல்கிறார். எதனை அணிவது, எதனைக் களைவது என்பதை முடிவு செய்ய உரியவர் அணிவோரே.

அயலார் அவர்கள் கழுத்தில் ஏற்றிய அணியும் ஒன்று உண்டு. 1980-களின் தொடக்கத்தில் நோய்த்தடுப்பு ஊசி போடச் சென்ற மருத்துவக் குழுவினருடன் கிளாடியா ஆண்டுஜார் என்னும் நிழற்படக் கலைஞர் சென்றார். ஒருவர் பெயரைப் பலரறியக் கூறுதல் யானோமாமியரிடை மரியாதையன்று. ஆதலின் ஒவ்வொருவர் கழுத்திலும் எண் பொறித்த அட்டையைத் தொங்கவிட்டுப் படமெடுத்தனர். ஆண்டுஜாரின் தந்தைவழி உறவினரோ நாஜிகள் யூதர்க்குச் செய்த கொடுமையில் மாண்டவர்கள். அங்கே சாவதற்கென்று குறியிடப்பட்டனர். இங்கே வாழ்வதற்கென்று குறியிடப்பட்டனர் என்பதை அவர் உணர்ந்தார்.

அந்நோய்கள் பல வெளியார் கொண்டு வந்தவையே. 1980-களின் இறுதியில் ஏறக்குறைய 40,000 பேர் தங்கம் தேடி அக்காட்டுள் புகுந்தனர்; மலேரியா பரவிப் பலர் மாண்டனர். 'ஒன்றுமில்லாதவர்' என்று கருதப்பட்டவரிடமிருந்து எடுப்பதைக் களவென்று எண்ணுவோர் அரியர். 1992-இல் பிரேசில் அரசு ஏறத்தாழ 96,000 சதுர கிலோமீட்டர் நிலத்தை அவர்களுக்கு உரியதென உறுதி செய்தது. எனினும் தங்கம் தேடுவோர் மீண்டும் நுழைந்தனர். 2023 சனவரியில் அரசு அங்கே சுகாதார நெருக்கடி நிலையை அறிவிக்க நேர்ந்தது. செந்நிறம் தரும் செடிக்குத் தோட்டம் வேண்டும். இறகு தரும் பெருங்கிளிக்குக் காடு வேண்டும். வண்ணம் பூசுமுன் நீராடத் தெளிந்த ஓடை வேண்டும். உராரிகோயரா, முக்கஜாயி ஆகிய ஆறுகளிலோ தங்கம் அரிப்போர் கலக்கிய சேறும் பாதரசமும் கலந்தன.