ஒற்றைக் கடையும் இரட்டைக் கடையும்

தில்லி வாழ் அன்பர்கள் 2022-ஆம் ஆண்டுப் பொங்கலை எளிதில் மறந்திருக்கமாட்டார்கள். பண்டிகைக்கு முதல் நாள் புதுப் பானை வாங்கலாமென்று கடைவீதிக்குச் சென்றேன். வழக்கமாக வாங்கும் பாத்திரக் கடை பூட்டியிருந்தது. கதவு எண்ணைப் பார்த்து ஒற்றைப்படைக் கடைகளும் இரட்டைப்படைக் கடைகளும் நாள் மாற்றி நாள் திறக்கவேண்டுமென்பது அப்போதைய உத்தரவு. அன்று அவருடைய முறை அன்று. வாயிலில் நின்றிருந்த கடைக்காரர், "கையில் இரண்டு ஊசியும் போட்டாயிற்று. இந்தக் கதவு எண்ணுக்கும் ஒன்று போடவேண்டுமோ?" என்று இந்தியில் கேட்டார். வேடிக்கைப் பேச்சுத்தான், ஆனால் அவர் முகத்தில் சிரிப்பில்லை.

நாட்டில் 100 கோடித் தடுப்பூசி என்று 2021 அக்டோபர் 21-ஆம் தேதி கொண்டாடினோம். டிசம்பர் 28-ஆம் தேதி தில்லியில் மஞ்சள் எச்சரிக்கை வந்தது. பள்ளிகளும் திரையரங்குகளும் மூடப்பட்டன. ஜனவரியில் சனி ஞாயிறு ஊரடங்கும் சேர்ந்துகொண்டது. பொங்கல் வெள்ளிக்கிழமை. அன்றிரவு 10 மணிக்கே தெரு அடங்கிற்று. காணும் பொங்கலன்று யாரும் யாரையும் காணவில்லை!

இதில் மெட்ரோ ரயிலின் கதை தனி. பாதி இருக்கைகளே நிரம்பலாமென்றார்கள். நிலையத்தின் வெளியே வரிசை நீண்டு நெரிசலாகிவிடவே, ஒரு வாரத்தில் எல்லா இருக்கைகளிலும் அமரலாமென்று மாற்றினார்கள். ரயிலில் தோளோடு தோள் உரச வந்தவன், கடையை மட்டும் திறக்கலாகாது என்றால் எவன் பொறுப்பான்?

அதிகாரிகளின் அச்சத்தை நான் எள்ளவில்லை. 2021 ஏப்ரலில் பிராணவாயுவுக்காக இந்நகரம் பட்ட பாட்டைக் கண்டவர் எவரும் எள்ளமாட்டார். 2022 ஜனவரி 13-இல் ஒரே நாளில் 28,867 பேருக்கு நோய் கண்டது. ஆயினும் மருத்துவமனைப் படுக்கைகளில் பெரும்பாலானவை காலியாகவே இருந்தன. ஓமிக்ரான் பரவுவதைத் தடுப்பூசி அதிகம் தடுக்கவில்லை, உயிரைக் காத்தது. இந்த வேறுபாட்டை முன்னமே ஜனங்களிடம் விளக்கியிருக்கவேண்டும். ஊசி போட்டுக்கொண்டால் கதவு திறக்குமென்றே அனைவரும் நம்பியிருந்தனர். கோபம் ஊசியின்மேல் அன்று, அந்த நம்பிக்கை பொய்த்ததன்மேல்தான்.

என்போன்ற மாதச் சம்பளக்காரனுக்கு வீட்டிலிருந்தே வேலை. முதல் தேதி சம்பளம். கடைச் சிப்பந்திக்கும், மாலை கட்டி விற்கும் அம்மாளுக்கும் சனி ஞாயிறுதானே நாலு காசு பார்க்கும் நாட்கள்? கடையைப் பூட்டச் சொன்னவர்கள் வாடகையைப் பற்றி வாய் திறக்கவில்லை. எதுவரை இந்தத் தடை, நோய் எவ்வளவு தணிந்தால் நீங்கும் என்றாவது சொல்லியிருக்கலாம்.

வணிகர்கள் வீதிக்கு வந்து முறையிட்டனர். சனி ஞாயிறு ஊரடங்கை நீக்கலாமென்று ஜனவரி 21-இல் மாநில அரசே பரிந்துரைத்தும் துணைநிலை ஆளுநர் அப்போது இணங்கவில்லை. 27-ஆம் தேதிதான் அதுவும் ஒற்றை இரட்டைக் கணக்கும் ஒழிந்தன. சிறு குழந்தைகள் பள்ளிக்குச் சென்றது பிப்ரவரி 14-இல்.

பிறகொரு நாள் அதே கடையில் பானை வாங்கினேன். கடைக்காரர் விலையில் சிறிதும் குறைக்கவில்லை, நானும் கேட்கவில்லை. அந்தப் பானை 2023 பொங்கலன்றுதான் எங்கள் வீட்டு அடுப்பேறியது.