மூளையைப் படித்தால் ஆளைக் குணப்படுத்தலாமோ?

"லண்டன் யூனிவேர்சிற்றி கொலிஜில முதுமாணி முடிச்சா உளவியலாளரா வேலை செய்யலாம்தானே?" எண்டு கேக்கிற தம்பி, தங்கச்சிமாருக்கு ஒரு கேள்வி: ஆராயப் போறீங்களோ, ஆக்களைக் குணப்படுத்தப் போறீங்களோ?

அங்கே அறிவாற்றல் நரம்பியல் முதுமாணி முழுநேரமாக ஒரு வருடம். அது ஆய்வுக்கான படிப்பு. சிகிச்சை அளிக்கும் தகுதியைத் தராது. பிரித்தானியாவில் சிகிச்சை உளவியலாளராக வேண்டுமென்றால், வழமையாக மூன்று வருடக் கலாநிதிப் பயிற்சியும் சட்டப்படியான பதிவும் தேவை.

ஆய்வு குறைஞ்சது எண்டு சொல்லேல்ல. எலியின் மூளையில் இடத்தை உணர்த்தும் கலங்களைப் பற்றி ஜோன் ஓ'கீஃப் அதே கொலிஜிலிருந்து எழுதியது 1971இல். நோபல் பரிசு கிடைத்தது 2014இல். 43 வருடங்கள்! அந்தப் பொறுமையும் ஆர்வமும் இருந்தால் தாராளமாப் போங்கோ.

ஆனால், பக்கத்தில இருந்து ஒருத்தரின்ர வலியைக் கேக்கத்தான் விருப்பம் எண்டா, பாதை வேற. காணியை ஈடு வைச்சுப் போய் இறங்கின பிறகு இந்த வித்தியாசம் விளங்கக்கூடாது. தரவரிசையைப் பாக்க முதல் பாடத்திட்டத்தை வாசியுங்கோ.