சந்திரபாபுவின் சோகம் எவருடையது?

ஜே.பி.சந்திரபாபுவைப் பற்றிப் பேசத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் அவருடைய வீழ்ச்சிக் கதையில்தான் போய் முடிக்கிறார்கள். முறிந்த மணவாழ்க்கை, கைகூடாத படங்கள், மது, 1974-இல் 46 வயதில் மரணம். அவர் பாடிய சோகப் பாடல்கள் இக்கதையின் முன்னறிவிப்புகளாக ஆக்கப்பட்டுவிடுகின்றன. இது ஒரு பாடகனுக்கு இழைக்கப்படும் அநீதி என்றே நான் கருதுகிறேன்.

காலவரிசையைப் பாருங்கள். அழுகையில் தொடங்கி அழுகையில் முடியும் மனித வாழ்வைச் சொல்லும் பாடல் இடம்பெற்ற 'கவலை இல்லாத மனிதன்' 1960-இல் வந்தது. அறிவும் வெற்றியும் ஒன்றல்ல என்று சொல்லும் பாடல் 'அன்னை'யில், 1962-இல். அவரே இயக்கித் தோல்வி கண்ட 'தட்டுங்கள் திறக்கப்படும்' வெளியானது 1966-இல்தான். வாய்ப்புகள் குவிந்திருந்த காலத்தில் பாடப்பட்டவை அப்பாடல்கள். அவற்றின் சொற்களும் கண்ணதாசனுடையவை. ஆகவே அது வாக்குமூலமன்று, கலை.

தூத்துக்குடியில் பிறந்து, இளமையின் ஒரு பகுதியை இலங்கையில் கழித்த சந்திரபாபு, யோடலிங் என்னும் மேலைப் பாட்டு முறையைத் தமிழ்த் திரைக்குள் நிலைநிறுத்தினார். இயல்குரலிலிருந்து பொய்க்குரலுக்குச் சட்டென்று தாவுவது அது. குரல் உடைவது நம் செவ்வியல் மரபில் குறை. அமெரிக்க மதுக்கூடங்களில் வளர்ந்த 'ஹாங்கி டாங்க்' பாடகர் ஹாங்க் வில்லியம்ஸ் அந்த உடைவையே விம்மலாக்கினார். 1953-இல் 29 வயதில் அவர் இறந்தபின், அவர் பாடல்களையும் மரணக் குறிப்புகளாகவே படித்தார்கள். சந்திரபாபுவோ யோடலிங்கைத் துள்ளலுக்கு வைத்துக்கொண்டார். சோகத்தில் அச்சாகசத்தைப் பெரிதும் ஒதுக்கிவிட்டு, பக்கத்தில் அமர்ந்து பேசுபவரைப்போலப் பாடினார். இரக்கத்தை யாசிக்காத குரல் அது. எங்கே அடங்க வேண்டும் என்று அறிந்திருந்ததே அவருடைய தேர்ச்சி.

எங்கள் நாஞ்சில் நாட்டுக் கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டுப் புலவர், கொலையுண்டு தெய்வமானவர்களின் கதையைப் பாடும்போது கேட்போர் கண்கலங்குவதுண்டு. புலவரின் வீட்டில் என்ன துயரம் என்று எவரும் விசாரிப்பதில்லை. பாட்டின் துயரம் பாட்டுக்குரியது என்பதை அந்தப் பாமர ரசிகர்கள் அறிவார்கள்.

படித்த நாம்தான் வாழ்க்கை வரலாற்றைத் துருவுகிறோம். சந்திரபாபுவுக்கு நம் அனுதாபம் தேவையில்லை. ஒரு பாடகனுக்குரிய செவியைக் கொடுத்தால் போதும்.