பழைய ஜீப்புக்குப் புதிய கமான்

நீலகிரித் தோட்டப் பாதைகளில் இன்றும் பழைய ஜீப்புகள் ஓடுகின்றன. தளர்ந்த கமான் பட்டைகளை மாற்றும்போது, வண்டி உயர்ந்து நின்றால் உறுதி என்று நாமும் எண்ணியதுண்டு. அது தவறு. பட்டைகளை மிகுதியாகக் கூட்டினால், பாரமில்லாத வண்டி குதிக்கும். சக்கரம் சாலையைப் பற்றாது. உயரம் ஏறினால் பிரேக் குழாய் இழுபடும். வளைவில் கவிழும் அபாயமும் மிகும். உதகையிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கும் பாதையிலோ 36 கொண்டை ஊசி வளைவுகள்!

ஆகவே, அன்றாடம் ஏற்றும் பாரத்தை முதலில் கணக்கிடுங்கள். அதற்கேற்ற பட்டைகளையே தேர்ந்துகொள்ளுங்கள். பாறை தட்டாதிருக்க உயர்த்துவதாயின் இரண்டு அங்குலத்துக்கு மேல் வேண்டாம். பிரேக் குழாயின் நீளத்தையும் சோதியுங்கள். நம்மை நம்பிப் பின்னால் அமர்ந்திருப்போர் பத்திரமாக வீடு சேர வேண்டுமன்றோ?