ஆழம் தெரிந்து காலை விடுவோம்

"ஆழம் தெரியாமல் காலை விடாதே!"

இந்தப் பழமொழியைக் கேட்காமல் வளர்ந்த தமிழ்ப் பிள்ளை இந்நாட்டில் இருக்க முடியாது. என் வீட்டில் இது பழமொழியாக இல்லை, சட்டமாகவே இருந்தது. ஆனால் அண்மையில் எனக்கு ஒரு சந்தேகம் எழுந்தது. "காலை விடாதே" என்றா பழமொழி சொல்கிறது? ஆழத்தைத் தெரிந்துகொள் என்றல்லவா சொல்கிறது! நாம் முன்பாதியை மறந்துவிட்டுப் பின்பாதியை மட்டும் பிடித்துக்கொண்டோமோ?

இந்தக் கேள்வி எனக்குப் பிறந்த இடம் பேராக் மாநிலத்தின் கோப்பெங். ஈப்போவுக்கும் கம்பாருக்கும் இடையில் உள்ள பழைய ஈயப் பட்டணம் அது. இன்று கம்பார் ஆற்றில் படகுச் சவாரி, குவா தெம்புரோங் குகைக்குள் ஓடும் நீரில் நடைப்பயணம், அருவியில் கயிறு பிடித்து இறங்குதல் என்று விடுமுறை நாள்களில் ஊரே களைகட்டுகிறது. அங்கேதான் நானும் என் குடும்பமும் 'கேன்யோனிங்' போனோம்.

கேன்யோனிங் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மலையில் ஓடிவரும் ஓடையின் வழியாகவே கீழே இறங்கி வருவது. சில இடங்களில் நடக்க வேண்டும். சில இடங்களில் வழுக்குப் பாறையில் சறுக்க வேண்டும். ஆழமான தடாகங்களில் குதிக்க வேண்டும். அருவி விழும் இடத்தில் இடுப்பு வாரைக் கயிற்றில் மாட்டிக்கொண்டு பாறையோரம் இறங்க வேண்டும். இதற்கு ஒட்டிய தமிழ்ச்சொல் எதுவும் என் கண்ணில் படவில்லை. 'ஓடையிறக்கம்' என்று நான் எழுதுகிறேன். இதைவிட நல்ல சொல் கிடைத்தால் என் சொல்லை மகிழ்ச்சியோடு கைவிடுவேன்.

சரி, தண்ணீர்ப் பக்கமே தலைவைத்துப் படுக்காத குடும்பம் ஓடையிறக்கத்திற்குப் போனது எப்படி?

தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படித்தபோது எங்கள் வகுப்பு மாணவன் ஒருவன் விடுமுறையில் இறந்துபோனான். கைவிடப்பட்ட ஈயக்குட்டையில் நண்பர்களோடு குளிக்கப் போனவன் திரும்பவில்லை. பள்ளி திறந்தபோது அவன் நாற்காலி காலியாக இருந்தது. அன்று முதல் என் அம்மாவின் கட்டளை ஒன்றுதான்: "தண்ணிப் பக்கம் போகாத." இடைநிலைப்பள்ளியில் சாரணியர் முகாமுக்கு அனுமதிக் கடிதம் கொண்டுவந்தபோது அதில் 'ஆறு' என்ற சொல்லைப் பார்த்ததும் அம்மா கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். என் மலாய்த் தோழிகளும் சீனத் தோழிகளும் முகாம் படங்களைக் காட்டியபோது நான் சிரித்துக்கொண்டே பார்த்தேன். இருபது வயது வரை எனக்கு நீந்தத் தெரியாது.

அம்மாவை நான் குறை சொல்லவில்லை. ஒரு சிறுவனின் காலி நாற்காலி அவரை அச்சுறுத்தியது. ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். அதே அம்மா, அதே குடும்பம், ஆண்டுக்கு இருமுறை அருவிக்குப் போவோம்! தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்குப் போகும் வழியில் லாத்தா இஸ்கண்டார். நெடுஞ்சாலையிலிருந்தே கண்ணுக்குத் தெரியும் லாத்தா கிஞ்சாங். கோலாலம்பூர் உறவினர் வீட்டுக்குப் போனால் உலு லங்காட்டின் சுங்கை தெக்காலா. ஒரு பெரிய சட்டியில் கோழிக்கறி, ஒரு பெட்டி நிறைய ஐஸ், பாய், சிறுவர்களுக்கு மாற்றுடை. மாமாக்கள் தண்ணீரில் இறங்குவார்கள். அக்காள் தங்கைகள் பாறையில் உட்கார்ந்து துண்டுகளுக்கும் கைப்பேசிகளுக்கும் காவல் இருப்பார்கள். மிதவை அங்கி அணிந்தவர் ஒருவரும் இல்லை. நீந்தத் தெரிந்தவர் ஒருவரோ இருவரோ. மேலே மலையில் மழை பெய்கிறதா என்று யாரும் பார்த்ததில்லை. ஆக, நாம் தண்ணீரைத் தவிர்க்கவில்லை. தண்ணீரைப் பற்றித் தெரிந்துகொள்வதைத்தான் தவிர்த்திருக்கிறோம்.

பல்கலைக்கழகம் வந்த பிறகு நீச்சல் கற்றுக்கொண்டேன். சென்ற ஆண்டு வகுப்புத் தோழர்களோடு கோப்பெங் போய் ஓடையிறக்கத்தில் கலந்துகொண்டேன். அந்த ஒரு நாளில் கற்றதை வீட்டாரும் கற்க வேண்டும் என்று தோன்றியது. பள்ளி விடுமுறையில் அப்பா, அம்மா, பன்னிரண்டு வயதுத் தம்பி, மாமா எல்லாரையும் அழைத்துப் போனேன். பாட்டி முகாமிலேயே இருந்துகொண்டார். "ஒருத்தருக்குக் கட்டுற காசுல ஒரு வாரத்துச் சாமான் வாங்கலாம்" என்று அம்மா வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

வழிகாட்டி முதல் அரை மணி நேரம் எங்களை அருவிப் பக்கமே அழைத்துச் செல்லவில்லை. ஒவ்வொருவரின் தலைக்கவசத்தையும் வாரையும் இழுத்துப் பார்த்தார். தம்பியின் மிதவை அங்கியைத் தோளில் பிடித்துத் தூக்கினார். அது காதுவரை ஏறியதும் சிறிய அளவுள்ள வேறொன்றைக் கொண்டுவந்தார். பிறகு முழங்காலளவு நீரில் பாடம் நடத்தினார். நீர் இழுத்துச் சென்றால் எழுந்து நிற்க முயலாதே. பாறை இடுக்கில் கால் சிக்கினால் நீரின் வேகம் உன்னைக் கவிழ்த்துவிடும். மல்லாந்து படு, கால்கள் நீரோடும் திசையைப் பார்க்கட்டும், கால்விரல்கள் நீர்மட்டத்திற்கு மேல் தெரியட்டும். குதிக்கும் முன் ஒவ்வொரு முறையும் ஆழத்தைச் சோதிக்க வேண்டும். நேற்று ஆழமாக இருந்த தடாகத்தில் இன்று ஒரு மரக்கட்டை கிடக்கலாம்.

அம்மா தம் வாழ்நாளில் முதல் முறையாகத் தண்ணீரில் மல்லாந்து மிதந்தார். நான் தலையைப் பிடித்திருந்தேன். "விட்றாதடி, விட்றாதடி" என்றவர் சற்று நேரத்தில் பேச்சை நிறுத்திவிட்டு மேலே மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். எப்போது கையை எடுத்தேன் என்று அவருக்குத் தெரியாது.

முதல் அருவியில் எல்லாரும் இறங்கினோம். இரண்டாவது அருவிதான் பெரியது; அதற்காகத்தான் மாமா வந்திருந்தார். ஆனால் அதற்கு முன்பே வழிகாட்டி நின்றார். மலையுச்சியைப் பார்த்தார். வானொலிக் கருவியில் யாரிடமோ பேசினார். பிறகு, "இன்றைக்கு இவ்வளவுதான், பக்கவழியில் ஏறிவிடலாம்" என்றார். எங்கள் தலைக்கு மேல் நல்ல வெயில். மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "வெயிலு கொளுத்துது, காசு கட்டியாச்சு, இப்பப் போயி என்னா இது?" என்றார். உண்மையைச் சொன்னால், எனக்கும் எரிச்சல்தான்.

முகாமுக்குத் திரும்பினால் பாட்டி முன்பே துண்டுகளை எடுத்து வைத்திருந்தார். ஆற்றோரத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர் அவர். அங்கிருந்த பையனிடம் தமக்குத் தெரிந்த மலாயில், "ஆத்தாஸ் ஊஜான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். மேலே மழை என்று பொருள். "மலை இருட்டுனா ஆத்துல இருக்கக் கூடாது. தண்ணி கலங்கும், தழையும் குச்சியும் மெதந்து வரும், அப்புறம் ஓட நேரம் இருக்காது" என்றார். பாட்டியும் வழிகாட்டியும் ஒரே பாடத்தைத்தான் படித்திருந்தார்கள். இடையில் இருந்த இரண்டு தலைமுறைகள்தான் அதைத் தவறவிட்டோம்.

அன்று வெள்ளம் வந்ததா? வரவில்லை. ஓடை கொஞ்சம் கலங்கியது, மாலையில் தெளிந்துவிட்டது. "பாத்தியா, ஒன்னுமே ஆகல" என்று மாமா வீடு வரும்வரை சொல்லிக்கொண்டு வந்தார். அவருக்கு நான் அன்று சொல்லாத பதிலை இங்கே எழுதுகிறேன்.

1999 ஜூலை 27-ஆம் நாள், சுவிட்சர்லாந்தின் இன்டர்லாக்கன் அருகே சாக்செத்தென் ஓடையில் ஒரு குழு ஓடையிறக்கத்திற்குப் போனது. வழிகாட்டிகள் உடன் இருந்தார்கள், கருவிகளும் இருந்தன. மலையில் இடியுடன் மழை பெய்தது. குறுகிய பள்ளத்தாக்கில் திடீர் வெள்ளம் பாய்ந்தது. 18 சுற்றுப்பயணிகளும் 3 வழிகாட்டிகளுமாக 21 பேர் மாண்டனர். 2001-இல் நீதிமன்றம் அந்நிறுவனத்தின் பொறுப்பாளர்கள் சிலரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. இத்தகைய ஆபத்தான நடவடிக்கைகளை நடத்துவோர் அனுமதி பெற வேண்டும் என்ற கூட்டரசுச் சட்டம் அங்கு 2014-இல்தான் நடப்புக்கு வந்தது. நியூசிலாந்தில் 2008 ஏப்ரல் 15-ஆம் நாள் மங்காத்தெபோப்போ பள்ளத்தாக்கில் 6 மாணவர்களும் ஓர் ஆசிரியரும் பெருகிய நீரில் பலியாயினர். இது போன்ற விபத்துகளுக்குப் பின்னர் 2011-இல் சாகச நடவடிக்கைகளுக்கான விதிமுறைகளை அந்நாடு கொண்டுவந்தது.

அவ்வளவு தூரம் போவானேன்? 2021 ஆகஸ்டு 18-இல் கெடாவின் கூனோங் ஜெராயில் பெருகிய வெள்ளம் யான் வட்டாரத்தில் உயிர்களைப் பறித்தது. 2023 ஜூலை 1-ஆம் நாள் திரெங்கானு, கெமாமானில் ஆயேர் பூத்தே பகுதி நீர்வீழ்ச்சிக்கு உல்லாசமாகப் போன ஒரே குடும்பத்தைச் சேர்ந்த 10 பேரைக் 'கெப்பாலா ஆயேர்' அடித்துச் சென்றது. ஒரு வெள்ளத்திற்கு ஒரு குடும்பத்தின் இழப்பு அது. அவர்கள் நம்மைப் போலவே சோறு கட்டிக்கொண்டு விடுமுறையைக் கழிக்கப் போனவர்கள்.

ஆகவே மாமா அவர்களே, "ஒன்றும் ஆகவில்லை" என்பது வழிகாட்டியின் தவறுக்குச் சான்று ஆகாது. பத்து முறை திரும்பி வந்து, அதில் ஒன்பது முறை வெள்ளமே வராமல் போனாலும், பத்தாவது முறை நாம் உயிரோடு இருப்போம். நாம் கொடுக்கும் பணத்தில் பாதி அருவியில் இறக்குவதற்கு. மீதிப் பாதி இறக்காமல் திருப்பி அழைத்து வருவதற்கு. வாடிக்கையாளர் முகம் சுளிப்பார் என்று அஞ்சி ஒரு வழிகாட்டி மேலே தொடர்ந்தால், அந்த ஆபத்தில் நம் முகச்சுளிப்புக்கும் பங்கு உண்டு.

இதற்கு மறுப்பும் உண்டு. வழிகாட்டியோடு ஒரு நாள் போய்வந்தவருக்கு அசட்டுத் துணிச்சல் வந்துவிடாதா? மறுவாரம் நண்பர்களோடு தனியாகக் காட்டுக்குள் போகமாட்டாரா? நியாயமான கேள்விதான். அப்படிப் போகிறவர்களும் இருக்கிறார்கள். ஒரு நாள் பயணம் யாரையும் நிபுணர் ஆக்காது. ஆனால் நல்ல பயணம் தண்ணீரின் வலிமையை உடம்புக்கே உணர்த்திவிடும். முழங்காலளவு நீர் தம்மைத் தள்ளிச் சென்றதை உணர்ந்த என் தம்பி, ஈயக்குட்டைக்கு வா என்று யாராவது அழைத்தால் இருமுறை யோசிப்பான். "போகாதே" என்று மட்டும் கேட்டு வளர்ந்தவன், ஒரு நாள் அம்மாவுக்குத் தெரியாமல் போவான். என் வகுப்புத் தோழனும் அப்படித்தான் போனான்.

செலவு அதிகம் என்பது அடுத்த மறுப்பு. உண்மைதான், எல்லாக் குடும்பத்தாலும் முடியாது. ஆனால் மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காகக் கண்ட இடத்தில் பதிவு செய்வது அதைவிட மோசம். பணம் கட்டும் முன் கேளுங்கள்: சுற்றுலா உரிமம் உண்டா? காப்புறுதி உண்டா? வனக்காப்பகத்திற்குள் நுழைய அனுமதி எடுத்தாயிற்றா? வழிகாட்டிகள் எத்தனை பேர்? சிறுவர்களுக்கு ஏற்ற அளவில் கருவிகள் உண்டா? நம் நாட்டில் பிற்பகல் இடிமழை சகஜம், காலையிலேயே புறப்படுவார்களா? கடைசியாக முக்கியக் கேள்வி: வானிலை சரியில்லை என்றால் என்ன செய்வீர்கள்? "அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்" என்று பதில் வந்தால் அங்கே போகாதீர்கள். "இரத்து செய்வோம்" என்பவரிடம் பிள்ளையை நம்பி ஒப்படைக்கலாம்.

மொழிக் கழகத்து இதழில் இதையெல்லாம் ஏன் எழுதுகிறாய் என்று சிலர் கேட்கலாம். மழைக்கென்று வான்சிறப்பு என ஓர் அதிகாரம் ஒதுக்கியவர் வள்ளுவர். புதுப்புனல், காட்டாறு, கலங்கல் என்று ஆற்றின் ஒவ்வொரு நிலைக்கும் சொல் வைத்த மொழி நம்முடையது. ஆனால் அருவியோரம் 'கெப்பாலா ஆயேர்' என்ற எச்சரிக்கைப் பலகையைப் பார்க்கும் நம் முதியவர்களில் பலருக்கு அதைப் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரிந்த பேரப்பிள்ளைக்கோ பாட்டியின் 'கலங்கல்' தெரியாது. இரண்டும் தெரிந்தவர்கள் தமிழ்ப்பள்ளியிலும் தேசியப் பள்ளியிலும் படித்த நாம்தான். பலகையைப் பாட்டிக்குத் தமிழில் சொல்ல வேண்டியவர்களும், பாட்டி சொல்வதைத் தம்பிக்கு விளக்க வேண்டியவர்களும் நாம்தான். மொழிக்குச் செய்யும் தொண்டு மேடையில் மட்டுமா இருக்கிறது?

நம் கழகம் ஆண்டுதோறும் புதிய மாணவர்களை அருவிக்கு அழைத்துச் செல்கிறது. அடுத்த முறை அந்தச் செலவுக் கணக்கில் வழிகாட்டிக்கும் மிதவை அங்கிகளுக்கும் ஒரு வரி சேர்ப்போம். நீந்தத் தெரியாதவர்களுக்கு, குறிப்பாகப் பாறையில் உட்கார்ந்து துண்டு காக்கும் தோழிகளுக்கு, பல்கலைக்கழக நீச்சல் குளத்தில் பயிற்சி ஏற்பாடு செய்வோம். வழிகாட்டி திரும்பிப் போகலாம் என்றால், முணுமுணுக்காமல் நன்றி சொல்லித் திரும்புவோம்.

அம்மா இப்போது என்னிடம் கேட்கிறார்: "அந்த ரெண்டாவது அருவிக்கு எப்பப் போறோம்?" மலை தெளிவாக இருக்கும் ஒரு நாளில், அம்மா.