உறக்கத்தில் வரும் வருமானமும் உறங்காத ஆய்வாளரும்

ஆய்வு மாணவர்களுக்கான இணையவழிப் பயிலரங்குகளில் அண்மைக்காலமாக ஒரு புதிய பொருள் இடம்பிடித்திருக்கிறது. ஆய்வு முறையியல், மேற்கோள் நெறி ஆகியவற்றின் வரிசையில், இணையக் கட்டுரை எழுதி ‘பாசிவ் இன்கம்’ ஈட்டுவது எப்படி என்ற தலைப்பும் சேர்ந்திருக்கிறது. ஒரு முறை எழுதினால் போதும், பிறகு உறங்கும்போதும் பணம் வந்துகொண்டிருக்கும் என்பது அங்கு வழங்கப்படும் உறுதிமொழி. உதவித்தொகை வராமல் விடுதிக் கட்டணத்துக்குக் கடன் கேட்டுக்கொண்டிருக்கும் ஒருவரிடம் இதைச் சொல்வதில் எந்தக் கூச்சமும் இருப்பதாகத் தெரியவில்லை.

முதலில் சொல்லையே பார்க்கலாம். தமிழில் இதற்குச் ‘செயலற்ற வருமானம்’ என்றொரு மொழிபெயர்ப்பு உலவுகிறது. செயல்படாத வருமானம் என்றும் அதைப் படிக்கலாம். பெரும்பாலோர் அனுபவத்துக்கு அதுவே பொருத்தம். ஆங்கிலத்தில் இச்சொல் வேரூன்றியதற்கு 1986ஆம் ஆண்டின் அமெரிக்க வரிச் சீர்திருத்தச் சட்டத்துக்குப் பெரும் பங்குண்டு. ஒருவர் பணத்தை மட்டும் போட்டுவிட்டு, நடத்துவதில் உண்மையான பங்கு எடுக்காத தொழில்களையே அச்சட்டம் ‘பாசிவ்’ என்றது. அத்தகைய தொழில்களில் காட்டப்படும் நட்டத்தை வைத்துச் செல்வந்தர்கள் தம் ஊதியத்துக்குரிய வரியைக் குறைத்துக்கொள்வதைத் தடுப்பதே அதன் நோக்கம். உழைப்பு இல்லாமை அதன் இலக்கணம். இரவு இரண்டு மணிவரை அமர்ந்து எழுதுபவரும், எழுதியதை மாதந்தோறும் புதுப்பித்துக்கொண்டிருப்பவரும் அந்த இலக்கணத்துக்குள் எந்தக் கதவு வழியாக நுழைகிறார்கள்?

கணக்கும் இந்த உறுதிமொழிக்குத் துணை நிற்கவில்லை. 2003இல் தொடங்கிய ஆட்சென்ஸ் தமிழை ஏற்றுக்கொண்டது 2018இல்தான். கணக்கில் 100 டாலர் சேராதவரை பணம் கைக்கு வராது. ஆயிரம் பார்வைகளுக்கு ஒரு டாலர் கிடைக்கிறது என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், முதல் தொகையைப் பார்க்க ஒரு லட்சம் பார்வைகள் வேண்டும். செப்பேட்டுச் சொல்லாட்சி பற்றியோ நாட்டார் வழக்காறு பற்றியோ எழுதும் ஆய்வாளருக்கு இந்த எண் எங்கிருந்து வரும்? விளம்பரத்தின் விலை படிப்பவரின் நாட்டையும் வாங்கும் திறனையும் பொறுத்து அமைகிறது. ஆகவே பயிலரங்கின் இரண்டாம் நாளில் அறிவுரை மாறுகிறது: ஆங்கிலத்தில் எழுதுங்கள், அமெரிக்க வாசகருக்காக எழுதுங்கள், கடன் அட்டை பற்றியும் காப்பீடு பற்றியும் எழுதுங்கள். தன் வாழ்நாளில் கடன் அட்டையே வைத்திராத மாணவர், டெக்சாஸ் குடும்பத்துக்கு ஏற்ற அட்டை எது என்று பரிந்துரைக்கத் தொடங்குகிறார். அறிவைப் பரவலாக்குதல் என்று இதற்குப் பெயர் சூட்டுவோரும் உண்டு.

அப்படியே எழுதினாலும் நிலம் எழுதுபவருடையதன்று. எழுத்தாளருக்கு விளம்பர வருவாயில் பங்கு என்று 2008இல் கூகுள் திறந்த ‘நால்’ தளம் 2012இல் மூடப்பட்டது. 2011 பிப்ரவரியில் ‘பாண்டா’ என்ற பெயரில் தேடுபொறி தன் தரவரிசை முறையை மாற்றியபோது, மலிவான கட்டுரைகளைக் குவித்து வாழ்ந்த தளங்கள் பல சரிந்தன. அவற்றை நம்பியிருந்தோரின் வருமானமும் உடன் போனது. 2024 ஆகஸ்டு முதல் இந்தியாவிலும் தேடல் முடிவுகளின் தலைப்பகுதியில் செயற்கை நுண்ணறிவு தொகுத்த விடை வந்து நிற்கிறது. விடை அங்கேயே கிடைத்துவிட்டால் கட்டுரையைத் திறப்பவர் யார்? பார்வை இல்லையேல் விளம்பரம் இல்லை. குத்தகைதாரருக்காவது அறுவடைக்கு முன் வெளியேற்றினால் கேட்க ஒரு சட்டம் இருக்கிறது.

சொந்தத் தளத்தில் இப்படித் தோற்றவர்கள் அடுத்துச் சென்று சேரும் இடம், பிறருக்காகப் பெயரின்றி எழுதும் வேலை. சொல்லுக்கு இத்தனை பைசா என்று கூலி. ஏற்கெனவே உள்ள ஐந்து கட்டுரைகளைக் கலைத்து ஆறாவதாக ஒன்று ஆக்குவதே பெரும்பாலும் பணி. இங்கேதான் பல்கலைக்கழகங்கள் வெட்கப்பட வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு கருத்துத் திருட்டுத் தடுப்பு விதிகளின்படி, ஆய்வேட்டில் ஒப்புமை 10 விழுக்காட்டைத் தாண்டினால் திருத்தி மீண்டும் அளிக்க வேண்டும். 60 விழுக்காட்டைத் தாண்டினால் ஆய்வுப் பதிவே ரத்தாகும். பகலில் இந்த விதிக்கு அஞ்சி ஒவ்வொரு வரிக்கும் அடிக்குறிப்பு இடுகிறவர், இரவில் மென்பொருளின் கண்ணில் படாமல் பிறர் எழுத்தை மாற்றி எழுதப் பழகுகிறார். அதே விரல்கள், அதே விசைப்பலகை. இப்பழக்கம் ஆய்வேட்டின் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுவிடும் என்று எந்த நெறியாளரும் நம்ப வேண்டாம்.

எழுத்தால் தொடர் வருமானம் என்பதே பொய்யென்று இதற்குப் பொருளில்லை. நூலாசிரியருக்குரிய உரிமைத்தொகை அப்படிப்பட்ட வருமானம்தான், அது நியாயமானதும்கூட. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் ஆசிரியரின் ஆயுளுக்குப் பின்னும் 60 ஆண்டுகள் அவ்வுரிமையைக் காக்கிறது. உரிமையை விற்றுவிட்ட பின்னரும் ‘இதை எழுதியவர் நான்’ என்று சொல்லும் உரிமையை 57ஆம் பிரிவு எழுதியவரிடமே விட்டுவைக்கிறது. பெயரற்ற கட்டுரைச் சந்தை முதலில் பறிப்பது இதைத்தான். பெயரும் இல்லை, உரிமைத்தொகையும் இல்லை. எஞ்சுவது ஒருமுறைக் கூலி மட்டுமே. அதற்கு எதற்கு ‘பாசிவ்’ என்ற அலங்காரம்? தன் துறையைப் பொதுவாசகருக்கு எளிய தமிழிலோ வங்காளியிலோ மலையாளத்திலோ எடுத்துச் சொல்லும் ஆய்வாளர் செய்வது வேறு வேலை. அது போற்றத்தக்கது. அதற்குப் பணம் கிடைத்தால் மகிழ்ச்சி. ஆனால் அது வாடகைப் பணத்துக்கு மாற்றாகாது.

வாடகைப் பணம் எங்கே என்பதே கேட்கப்பட வேண்டிய கேள்வி. 2023 ஜனவரி முதல் இளநிலை ஆய்வு உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். நெட் தேர்வின்வழி அதைப் பெறாத முனைவர் பட்ட ஆய்வாளருக்கு மத்தியப் பல்கலைக்கழகங்களில் மாதம் 8,000 ரூபாய். 2015இல் இந்த உதவித்தொகையையே நிறுத்துவதாக அறிவித்தபோது தில்லியில் மாணவர்கள் மானியக் குழு அலுவலகத்தின் முன் அமர்ந்தார்கள். அன்றும் அது 8,000தான். மாநிலப் பல்கலைக்கழகங்களிலும் கல்லூரிகளிலும் எதுவுமே பெறாமல் ஆய்வு செய்வோர் ஏராளம். உதவித்தொகை பெறுவோருக்கோ வேறு வழியில் ஊதியம் பெறக்கூடாது என்ற நிபந்தனை இருக்கிறது. அந்தத் தொகை பல மாதம் தாமதமாவதும் வழக்கம். விதி வேறு வருமானத்தைத் தடுக்கிறது, தாமதம் அதைத் தேடத் துரத்துகிறது, பயிலரங்கு அதற்குச் சான்றிதழ் வழங்குகிறது.

ஆகவே அடுத்த முறை இப்படியொரு பயிலரங்குக்கு அரங்கை ஒதுக்கும் துறைத்தலைவர்கள், அழைப்பிதழின் அடியில் ஒரு தகவலையும் அச்சிடட்டும்: தம் துறையில் எத்தனை ஆய்வாளர்களுக்கு எத்தனை மாத உதவித்தொகை நிலுவையில் இருக்கிறது, அதற்கான கோப்பு இன்று எந்த மேசையில் கிடக்கிறது.